தெருமுனைப் பிள்ளையாரும் எங்கள் சின்னக் காரும்

எங்கள் தெருவில் என் கணவருக்கு இரண்டு விஷயங்களில் நல்ல பெயர். ஒன்று, பக்திமான். இன்னொன்று, கார் ஓட்டுவதில் கெட்டிக்காரர். இரண்டுமே பொய். இரண்டுக்கும் நான் உடந்தை என்பதால் வெகுநாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி மூடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. போன கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நாங்கள் இருப்பது விழுப்புரத்தில். அவருக்கு உரக்கடை. எனக்குத் திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையிலிருந்து சாயந்திரம் வரை ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பேன். வீட்டுக்கு வந்தால் என் ரத்தத்தை எடுக்க ஆள் உண்டு. நடுவில் போகவும் வரவும் பஸ். விழுப்புரத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்குமே என்று பஸ்ஸில் போகாதவர்கள்தான் சொல்வார்கள். "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கீது பாரு" என்று கண்டக்டர் கத்துவார். அந்த நடுவில் ஏற்கெனவே நாலு பேரும், ஒரு மல்லாட்டை மூட்டையும் (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்), மூட்டைக்குச் சொந்தக்காரரின் இரண்டு முழங்கைகளும் இருக்கும். விக்கிரவாண்டி வருவதற்குள் என் முதுகெலும்பு கேள்விக்குறி மாதிரி வளைந்துவிடும்.

அதனால்தான் கார் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பஸ்ஸில் நின்று பழகிய கால்தானே. திண்டிவனத்திலேயே வேலைக்கு நடுவே ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எட்டும் போட்டுக் காட்டி, லைசென்ஸ் வாங்கினேன். வீட்டில் சொன்னபோது இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இவரும் ஒருவரைப் பிடித்துக் கற்றுக்கொண்டு, எப்படியோ ஒரு லைசென்ஸ் வாங்கினார். எப்படி என்று கேட்டால் "எல்லாரும் எப்புடி வாங்கறாங்களோ அப்புடித்தான்" என்றார். நான் அதற்குமேல் தோண்டவில்லை.

கார் வந்தது. வெள்ளை நிறம், சின்ன வண்டி. என் சம்பளத்தில் தவணை பிடிக்கிறார்கள், ஆனால் பூஜை போட்ட அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி போட்டோவுக்கு உட்கார்ந்தது அவர். நான் பக்கத்தில் தேங்காய் மூடியோடு நின்றேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பூசணிக்காய் உடைத்தோம். பின்கண்ணாடியில் ‘நிதானமே பிரதானம்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். அந்த வண்டியைப் பற்றி அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று பிறகு தெரிந்தது.

கார் வாங்கினால் ஊர் முழுக்க நிபுணர்கள் முளைப்பார்கள். எங்கள் எதிர்வீட்டு ஐயா அதில் தலைமை நிபுணர். ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியார். அவரிடம் கார் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் பானெட்டை விரலால் தட்டிப் பார்த்து, "தகரம்" என்றார். டயரை உதைத்துப் பார்த்து, "சின்னது" என்றார். பிறகு விழுப்புரத்தில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சாகும்வரை பதில் சொல்ல வேண்டிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மைலேஜ் இன்னா குடுக்குது?"

வண்டி வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. என் கணவர் கூசாமல் ஒரு எண்ணைச் சொன்னார். அந்த எண்ணுக்கு மொபெட்டே வெட்கப்படும்.

"பரவால்லையே" என்றார் ஐயா. "ஓட்றவங்க கையிலதான் கீது."

இப்போது வண்டியோடு குடித்தனம் நடத்திய லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். சீட்டின் மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கக் கூடாது என்று என் மாமியார் சட்டம் போட்டார். "தூசி படாம இருக்கும்மா. புதுசாவே இருக்கும்." சித்திரை வெயிலில் அந்தப் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்து எழுந்தால் முதுகுத்தோல் பாதி சீட்டோடு போகும். ஏசி போடலாமா என்றால், மேம்பாலம் ஏறும்போது அணைக்க வேண்டும். மைலேஜ் போய்விடுமாம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் மேம்பாலத்துக்குப் பஞ்சமா? அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு, அந்த சுவிட்ச் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஐந்து பேர் உட்காரும் வண்டி என்று கம்பெனிக்காரன் சொன்னான். எங்கள் சொந்தக்காரர்களை அவன் பார்த்ததில்லை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் "நம்ம வண்டிதான் கீதே" என்று ஏறிவிடுவார்கள். கிராமத்து ரோட்டில் வேகத்தடை வந்தால் வண்டி வயிறு இடிக்கும். அதனால் பின்சீட்டில் உள்ளவர்கள் இறங்கி, வேகத்தடையை நடந்து கடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடியும் ஏறிக்கொள்வார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் சீர்த்தட்டோடு, வேகத்தடைக்கு வேகத்தடை ஊர்வலம். மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு தடவை போனபோது, குகைக்கோயில் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் கோயிலை விட்டுவிட்டு எங்களைப் போட்டோ எடுத்தார்கள்.

இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது வேறு.

கார் வந்த புதிதில் திண்டிவனத்தில் உள்ள என் அம்மா வீட்டுக்கு அதைக் காட்டப் புறப்பட்டோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில், மாமியார் பின்னால். விழுப்புரம் தாண்டும்வரை ஓரளவுக்குப் போனது. பைபாஸில் லாரிகள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போக, இவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியில் விரல் மூட்டெல்லாம் வெளுத்துவிட்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் கட்டை மேலே போனது. வண்டி போகவில்லை. அணைந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினார், குலுங்கி அணைந்தது. கட்டை பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது. பின்னால் லாரி, அதன் பின்னால் பஸ், அதன் பின்னால் இன்னொரு லாரி. ஹாரன் என்றால் உங்கள் வீட்டு ஹாரன் எங்கள் வீட்டு ஹாரன் இல்லை. லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், பொட்டிக்குள்ள தூங்கினு கீறியா? ஜல்தியா எடுய்யா" என்றார்.

இவர் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வேர்வை.

"கண்ணுல தூசி வியுந்துடுச்சி. நீ கொஞ்சம் எடு."

கண்ணாடி நாலும் ஏற்றியிருக்கிறது. தூசி எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு நேரமில்லை. இறங்கிச் சுற்றிவந்து ஏறினேன். வண்டியை எடுத்தேன். அது போனது. அவ்வளவுதான். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, கிளட்சை மெதுவாக விட வேண்டும். திண்டிவனம் வரைக்கும் பின்சீட்டில் மாமியார் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

திரும்பி வரும்போதும் நானே ஓட்டினேன். விழுப்புரம் வந்து, எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் அரசமரத்தடிப் பிள்ளையார் கோவிலைக் கண்டதும் அவருக்குக் கண் தூசி போய்விட்டது.

"நிறுத்து, நிறுத்து. எறங்கு. சாமி கும்பிட்டுட்டுப் போலாம்."

இறங்கினோம். பிள்ளையாரை ஒரு சுற்று சுற்றினார். நானும் பின்னால் சுற்றினேன். சுற்றி முடித்து வந்தபோது அவர் நேராக டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"தெருவுல எல்லாரும் பாப்பாங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நாளைக்குக் கடைக்கு வர்றவன்லாம், பொண்டாட்டி ஓட்ட, பக்கத்துல குந்திக்கினு வர்றான் பாருன்னு சொல்லுவான். கொஞ்ச நாளைக்கு இப்புடிப் போவட்டும். நானும் நல்லா கத்துக்கிறேன். அப்பறம் ஆளுக்கொரு நாளு ஓட்டிக்கலாம்."

கல்யாணமானவர்களுக்குப் புரியும், அந்தக் குரலுக்கு மனசு இளகித் தொலைக்கும். சரி என்றேன். முதல் கியரில், நடந்து வருகிற ஆளைவிட மெதுவாக, தெருவில் நுழைந்தார். எதிர்வீட்டு ஐயா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நிதானம்! வண்டி ஓட்டினா இப்புடி ஓட்டணும்" என்றார். முதல் கியரைத் தாண்டத் தெரியாதவருக்கு நிதானசாலிப் பட்டம். நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான்.

கொஞ்ச நாள் என்றவர் கற்றுக்கொள்ளவேயில்லை. எதற்குக் கற்றுக்கொள்வார்? கற்றுக்கொள்ளாமலேதான் நல்ல பெயர் வந்துவிட்டதே. வீட்டிலிருந்து பிள்ளையார் கோவில் வரை அவர் ஓட்டுவார். அங்கே ஒரு சுற்று, ஒரு கும்பிடு, இடம் மாறல். ஊர் உலகமெல்லாம் நான் ஓட்டுவேன். திரும்பிவந்தால் மறுபடி ஒரு சுற்று, ஒரு கும்பிடு, இடம் மாறல். ஐயா பால் வாங்கப் போகையில் இரண்டு மூன்று தடவை எங்களை அங்கே கண்களை மூடி நின்ற கோலத்தில் பார்த்திருக்கிறார். "போம்போதும் எறங்கிக் கும்புடறாரு, வரும்போதும் எறங்கிக் கும்புடறாரு. கார் வந்தா பக்தி போயிடும் மனுசனுக்கு, இவருக்கு ஜாஸ்தியாயிட்டுது" என்று தெரு முழுக்கச் சொன்னார். கோவில் கமிட்டியில்கூட இவரைச் சேர்த்துவிட்டார்கள். பிள்ளையாருக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவர் பாவம், வாய்க்கு நேராகத் தும்பிக்கை.

ஒரு சிக்கல் இருந்தது. இவருக்கு ரிவர்ஸ் வராது. வீட்டு வாசலில் நேராகக் கொண்டுவந்து நிறுத்துவார். மறுபடி புறப்பட வண்டி தெருமுனையைப் பார்த்து நிற்க வேண்டுமே? அதற்கும் நான்தான். விடியற்காலையில் கோலம் போட எழுந்து, தெருவில் ஒருவரும் இல்லை என்று பார்த்து, பக்கத்துக் காலிமனையில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிடுவேன். யாராவது வந்துவிட்டால் கையில் தயாராக ஒரு துணி. "வண்டி தொடைக்கிறேங்க." திருடி மாதிரி, சொந்தக் காரை.

மாமியாரைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். பைபாஸில் போகும்போது பின்சீட்டிலிருந்து தோளைத் தட்டுவார். "நீ ஓட்டினா தொட்டில்ல கெடக்கிறாப்புல கீதும்மா. அவன் ஓட்டினா எனக்குக் கொமட்டுது." அதே வாய் தெருவில் இறங்கியதும், "எம் புள்ள ஓட்டினா சொம்புத் தண்ணி அலுங்காது" என்று ஐயா வீட்டு அம்மாவிடம் சொல்லும். நான் பக்கத்தில்தான் நிற்பேன். ஒரு கூச்சநாச்சம் கிடையாது.

இதையெல்லாம்கூட சிரித்துக்கொண்டே விட்டிருப்பேன். என் வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்கு. நான் எதற்காகக் கார் வாங்கினேன்? வேலைக்குப் போக. வேலைக்குப் போக முடிந்ததா? முடியவில்லை. தனியாக எடுத்துக்கொண்டு போனால் தெரு பார்த்துவிடும். தினமும் பிள்ளையாரைச் சுற்ற அவர் வரமுடியாது, கடை திறக்க வேண்டும். ஆக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்தி, மற்ற நாளெல்லாம் பஸ். வண்டி வாசலில் உறை போர்த்திக்கொண்டு தூங்கும். அதற்குத் தவணை கட்டுகிறவள் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உள்ள போ, உள்ள போ" கேட்டுக்கொண்டு போவாள். பைபாஸில் எந்தப் பெண்ணாவது தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு பஸ்ஸைத் தாண்டிப் போனால், அவள் போய் மறையும்வரை பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பொறாமையில் கண் கலங்கியிருக்கிறது.

"நான் வேலைக்கு எடுத்துக்கினு போறேங்க" என்று எத்தனையோ தடவை கேட்டேன். "இந்தப் பொங்கலு போவட்டும்" என்பார். பொங்கல் போகும். "இந்த நடவு சீசன் முடியட்டும், கடையில ஆளுங்க ஜாஸ்தி வருவாங்க." நடவும் முடியும், அறுவடையும் முடியும். கடைசியாகக் கேட்டபோது எரிந்து விழுந்தார். "இன்னா பேஜாரு உன்னோட! ஞாயித்துக்கெயம ஓட்றல்ல? அது போதாதா?"

அந்த முடிச்சு ஒரு காதுகுத்தில் அவிழ்ந்தது.

மண்டகப்பட்டுக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா வீட்டில் பேத்திக்குக் காது குத்தினார்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். நாங்கள் மூன்றே பேர்தான், டிக்கியில் அக்கா கொடுத்த ஒரு மூட்டை மல்லாட்டை. நான் ஓட்டிவந்தேன். பிள்ளையார் கோவில் வந்தது. வயிறு முட்டச் சாப்பிட்ட மயக்கத்தில் சாமியை அரைச்சுற்றுச் சுற்றினார், கும்பிட்டார், டிரைவர் சீட்டில் ஏறினார். நான் இடப்பக்கம். மாமியார் பின்னால் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

தெருவுக்குள் திரும்பினால், எங்கள் வீட்டுக்கு நேரே தண்ணீர் லாரி நிற்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குக் குழாய் போட்டுவிட்டு டிரைவர் உள்ளே போயிருந்தார். தெருவில் பாதி லாரி. மீதியில் எங்கள் வண்டி தாராளமாகப் போகும், கொஞ்சம் வலது பக்கம் ஒடித்து, பிறகு நேராக்க வேண்டும். ஒடித்தும் விட்டார். நேராக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் நேர்கோடுதான்.

"பிரேக்கு, பிரேக்கு" என்று நான் கத்தினேன்.

அவர் காலை ஓங்கி மிதித்தார். மிதித்தது ஆக்சிலேட்டரை. முதல் கியரில் அந்தச் சின்ன வண்டி அவ்வளவு கத்தும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நேராகப் போய் எதிர்வீட்டு ஐயாவின் புது கேட் தூணில் மோதி அணைந்தது.

அந்தத் தூண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐயா அவற்றை அதற்கு முந்தின மாதம்தான் கட்டியிருந்தார். இரண்டு தூண், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிமென்ட் சிங்கம், தங்கக் கலர் அடித்து. அதில் வலப்பக்கச் சிங்கம் ஆடியது, சாய்ந்தது, மெதுவாக எங்கள் பானெட்டில் வந்து படுத்துக்கொண்டது. மூக்கு உடைந்திருந்தது.

என் கணவர் கதவைத் திறந்து இறங்கி, ஓடிப்போய் அவர் அம்மாவின் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். மாமியாருக்கு ஒன்றுமில்லை, வெற்றிலைகூடச் சிந்தவில்லை. தூண் இன்னும் வண்டிமேல்தான் சாய்ந்திருந்தது. பின்னால் எடுக்காவிட்டால் முழுசும் சரிந்து கண்ணாடியில் விழும். கியருக்கு மேலே காலைத் தூக்கிப்போட்டு, டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, சாவியைத் திருப்பினேன். அந்த நேரத்தில்தான் ஐயா தூக்கம் கலைந்து லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் பின்னால் அவர் வீட்டம்மா. அக்கம்பக்கத்தில் கதவெல்லாம் திறந்தது. தெருவே பார்த்தது. தூணில் கார். காரில் சிங்கம். ஸ்டியரிங்கில் நான்.

"அடடடடா!" என்றார் ஐயா. தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா பண்ணி வச்சிருக்க? ஒனக்கு எதுக்கும்மா இந்த வேல? அவரு எவ்ளோ நிதானமா ஓட்டிக்கினு வருவாரு! அவரு கையில இருந்து புடுங்கி ஓட்டணும்னு ஒனக்கு இன்னா தலையெய்த்து?"

நான் என் கணவரைப் பார்த்தேன். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். எத்தனை கோழையானாலும், கட்டின பெண்டாட்டி நடுத்தெருவில் பேச்சு வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?

அவர் சிங்கத்தைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆசப்பட்டா சார்" என்றார். "சரி, தெருவுக்குள்ளதானன்னு குடுத்தேன்."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். போதாததற்குப் பின்சீட்டு ஜன்னல் வழியாக மாமியாரின் தலை வெளியே வந்தது.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டாளா? எம் புள்ள கையில இருந்த வரைக்கும் இந்த வண்டிக்கு ஒரு கீறல் உண்டா?"

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். கோபமா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. டோல்கேட்டிலிருந்து ஆரம்பித்துப் பிள்ளையார் சுற்றியது, விடியற்காலையில் வண்டி திருப்பியது, எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிக் கவிழ்த்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அப்போது ஐயா வீட்டம்மா பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது. "இவ வண்டி ஓட்டுவாளா? இத்தினி நாளு எனக்குத் தெரியாதே." அதற்கு அவள், "ஓட்டுவா போலக்கீது. நல்லா ஓட்டத் தெரியல."

திறந்த வாயை மூடினேன். நல்லா ஓட்டத் தெரியல. சரி. ஆனால் ஓட்டுவாள். தெருவே முடிவு செய்துவிட்டது, நான் ஓட்டுகிறவள் என்று. எத்தனை பொங்கல் போனால், எத்தனை நடவு முடிந்தால் இவர் தருவார் என்று காத்திருந்தேனோ, அதை இந்த மூக்கறுந்த சிங்கம் என் மடியில் போட்டுவிட்டது. நான் உண்மையைச் சொன்னால் அது திரும்பப் போய்விடும்.

"ஆமாங்கய்யா" என்றேன் உரக்க. "நான்தான் ஓட்டினேன். தப்புதாங்க. எனக்கு நம்ம தெருவுல ஓட்டிப் பழக்கம் பத்தல. அதனால நாளையில இருந்து தெனம் ஓட்டிப் பழகலாம்னு இருக்கேன். வேலைக்கு எடுத்துக்கினு போறேன், திண்டிவனம் வரைக்கும்."

என் கணவரின் கை துண்டோடு அப்படியே நின்றது. வாய் திறந்தது. என்ன சொல்வார்? இவள் ஓட்டவில்லை, இடித்தது நான் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும். ஐயா வேறு அவர் பக்கம் திரும்பி, "அதுவும் நாயந்தான். ஓட்ட ஓட்டத்தானே வரும். நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"ம்" என்றார். "ஓட்டட்டும்."

ஆட்கள் சிங்கத்தை இறக்கினார்கள், தூணைத் தாங்கிப் பிடித்தார்கள். நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். லாரிக்கும் தூணுக்கும் நடுவே ஒரே எடுப்பில் வந்து, காலிமனையில் ரிவர்ஸிலேயே ஏற்றி நிறுத்தினேன். அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோரும் சிங்கத்தின் மூக்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை காலிமனையிலிருந்து வண்டியை எடுத்தேன். பட்டப்பகலில், கையில் துணி இல்லாமல். முதல் வேலையாகச் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எறிந்திருந்தேன். பிள்ளையார் கோவிலில் நிற்கவில்லை, உள்ளே இருந்தபடியே ஒரு கும்பிடு போட்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் கட்டை மேலே போனது, நானும் போனேன். மேம்பாலத்தில் ஏசியை அணைக்கவில்லை. நான் வழக்கமாக ஏறும் பஸ்ஸைத் தாண்டியபோது உள்ளே கம்பியைப் பிடித்து நின்றவர்களைப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்று என்னிடம் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் புண்ணியவான்கள், ஒருத்தருக்கும் வலித்திருக்காது.

தெரு சும்மா இருக்குமா? "அவரு ஒவ்வொரு தடவையும் எறங்கிக் கும்புட்டாரு, வண்டிக்கு ஒண்ணும் ஆவல. இவ கும்புடாமப் போறா, அதான் இடிச்சா" என்று ஐயா கண்டுபிடித்துச் சொன்னார். கணக்கு வாத்தியார் அல்லவா, விடை சரியாக வந்துவிட்டது. என் கணவர் கொத்தனாரை வைத்துத் தூணை நிமிர்த்தி, சிங்கத்துக்குப் புது மூக்கும் வைத்துக் கொடுத்தார். "பொண்டாட்டி பண்ண தப்புக்கு மூஞ்சு சுளிக்காம செஞ்சி குடுத்தாரே" என்று அதற்கும் அவருக்கு ஒரு நல்ல பெயர். மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. இப்போது அது சிங்கமா, எதிர்வீட்டு ஐயாவா என்று சந்தேகம் வரும்.

நாளாக ஆக, நான் ஒழுங்காக ஓட்டுகிறேன் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் இவரிடம், "உங்கூட்டம்மா பைபாஸ்ல சும்மா சர்ருனு போறாங்களே" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒருநாள் சாயந்திரம் கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது, உள்ளே இவர் குரல் கேட்டது.

"நான்தான் கத்துக் குடுத்தேன். பொறுமையா சொல்லிக் குடுத்தா யாருக்கும் வரும்."



வண்டியின் முன்பக்க வலது மூலையில் அந்த நசுங்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. விளக்கை மாற்றினேன், நசுங்கலை விட்டுவிட்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்து, "உங்கூட்டம்மா இடிச்சதா?" என்று இவரிடம் கேட்கிறார்கள். முதலில் "ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், வரவர முனகிவிட்டு உள்ளே போகிறார். போன ஞாயிற்றுக்கிழமை, மாமியாரும் நானும் வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, மெல்ல வந்து பக்கத்தில் நின்றார்.

"இந்தா, வண்டியில அந்த நசுங்கலத் தட்டி எடுத்து பெயின்ட் அடிச்சிடலாம். பாக்கறதுக்கு அசிங்கமா கீது."

மாமியார் தலையைக் குனிந்து உரிக்கிற வேகத்தைக் கூட்டினார்.

"இருக்கட்டுங்க" என்றேன். "இந்த வண்டியில நீங்க ஓட்டுனதுன்னு இருக்கறதே அது ஒண்ணுதான்."